குடியுரிமை

மக்கட்கு உரிய உடைமைகளுள், இருக்கும்போது அறியப்படாததும் இல்லாதபோதே அருமை விளங்குவதும் ஆகிய ஒன்று உண்டு. அது குடியுரிமை. பிறந்த நாட்டிலேயே குடிமக்களாய் வளர்ந்தோர் அதனை நினைப்பது அரிது. யாமும் சென்ற ஆண்டுவரை நினைத்திலேம். நினைக்குமாறு நேர்ந்த வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டுக் கூற விழைகின்றோம்.

சென்ற ஆண்டு நம் தமிழ்மன்றத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. வேற்று நாட்டார்க்குக் குடியுரிமை வழங்குதல் தகுமா என்பது பொருள். யாம் தகாது என்னும் கட்சியிற் பேசினோம். குடியுரிமை தகுதியால் ஈட்டற்பாலது, இரக்கத்தால் வழங்கற்பாலதன்று என முழங்கினோம். கைதட்டல் மிகுந்தது, பரிசும் கிடைத்தது. முன்வரிசையில் இருந்த எம் வகுப்புத் தோழரும் கைதட்டினார். அவர் இந்நாட்டின் குடிமகன் அல்லர் என்பதை அன்று யாம் அறியோம்.

யாப்பிலும் இலக்கணத்திலும் எம் வகுப்பில் அவரை விஞ்சுவார் இலர். அவர்தம் பெற்றோர் 1990-ஆம் ஆண்டில் இலங்கைப் போருக்கு அஞ்சித் தோணியேறி இராமேசுவரத்தை அடைந்தவர். தோழரோ இம்மாவட்டத்து முகாமொன்றிற் பிறந்தவர். கடலை ஒரு நாளும் கடந்தறியாதவர். சில திங்கள் கழித்து, அரசுப் பணித் தேர்வொன்றிற்கு விண்ணப்பம் எழுத இருவரும் அமர்ந்தோம். 'இந்தியக் குடிமகனா?' என்னும் கட்டத்தின் முன்னே அவர் எழுதுகோல் நின்றுவிட்டது. அப்போதுதான் உண்மையை உரைத்தார்.

"அன்று மன்றத்தில் ஏன் கைதட்டினாய்?" என்றோம்.

"நன்றாகப் பேசினாய், அதனால் தட்டினேன்" என்றார். அவ்விடை எம் நெஞ்சிற் தைத்தது.

சிதம்பரத்தில் வழக்கறிஞராய் இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைக் கண்டு வழி கேட்கலாம் எனக் கருதி, ஒரு சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் இருவரும் புகைவண்டி ஏறினோம். வண்டி பரங்கிப்பேட்டையைக் கடக்கையில் தோழர் அவ்வூர்ப் பெயரைச் சுட்டி நகைத்தார். பரங்கியர் என்பது ஐரோப்பியர்க்கு நம் முன்னோர் இட்ட பெயரன்றோ! அவர்கள் அத்துறையில் வந்திறங்கி வாணிகம் செய்தனர். நம் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலர் 1690-ஆம் ஆண்டில் மராட்டியரிடம் விலைக்குப் பெற்றபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை நிலமும் அவர்க்கே என்பது உடன்பாடு. அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. "குண்டு சுட்டவர்க்கு நிலம் கிடைத்தது, குண்டுக்கு அஞ்சி வந்தவர்க்கு ஒரு தாளும் கிடைக்கவில்லை" என்றார் தோழர். யாம் மறுமொழி கூற இயலாது சாளரத்தின் வெளியே நோக்கியிருந்தோம்.

முதியவர் எம்மை அன்புடன் வரவேற்று, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை எளிதாக விளக்கினார். "தம்பிகளா, பிறப்பு, பெற்றோர் வழி, பதிவு, நெடுநாள் வாழ்ந்து வேண்டிப் பெறுதல் எனக் குடிமகனாகும் வழிகள் பல. வேண்டிப் பெறுவோர் பதினான்கு ஆண்டுகளுள் பதினோராண்டும், அதன்பின் இடையறாது ஓராண்டும் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். நல்லொழுக்கம் வேண்டும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவும் வேண்டும்" என்றார்.

"அவற்றுள் தமிழ் உண்டா, ஐயா?" என்று தோழர் வினவினார்.

"உண்டு, தம்பி. ஆனால் தடை வேறு இடத்திலே இருக்கிறது" என்று முதியவர் பெருமூச்செறிந்தார். கடவுச்சீட்டின்றி வந்தோரைச் சட்டவிரோதமாய்க் குடியேறியோர் எனச் சட்டம் கொள்வதால், பதிவு வழியும் வேண்டிப் பெறும் வழியும் அவர்க்கு அடைபட்டுள்ளன. 1987 ஜூலை 1-ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர் பிறப்பொன்றினாலேயே குடிமக்கள். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது அதுபற்றியே. அந்நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமக்களாதல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3-ஆம் நாள் முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோருள் ஒருவர் குடிமகனாயினும் மற்றவர் சட்டவிரோதமாய் வந்தவராதல் கூடாது. தோழர் பிறந்தது அதன் பின்னர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிதிறந்த மூன்று நாடுகளுள் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9-ஆம் நாள்வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டின்றி இருத்தற்குரிய தண்டனையினின்று 2025-இல் நடுவணரசு விலக்களித்தது. எனினும் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. மாவட்ட ஆட்சியர் வழியாக நடுவணரசுக்கு விண்ணப்பம் எழுதி வையுங்கள் என்று சொல்லி முதியவர் எம்மை வழியனுப்பினார்.

அன்றிரவு இச்செய்திகளை எம் பாட்டனாரிடம் கூறினோம். அவர் ஒன்றும் பேசாது தம் தகரப்பெட்டியைத் திறந்து பழைய கடவுச்சீட்டு ஒன்றை எடுத்து எம் கையில் வைத்தார். அவர் இலங்கை அட்டன் அருகே தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். 1948-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டம் தந்தையேனும், பாட்டனும் பூட்டனுமேனும் அங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவரிடம் அது ஏது? அவர்கள் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையால், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டில் இருநாடும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அவ்வுடன்படிக்கையின்படியே பாட்டனார் 1972-ஆம் ஆண்டு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்.

"நான் என்ன தகுதியைக் காட்டினேன், தம்பி? இரண்டு அரசும் தலையை எண்ணிப் பிரித்தன. அந்த எண்ணிக்கையில் நான் ஒரு தலை. அந்தப் பையனின் அப்பாவும் அதே கடலைத்தான் கடந்தார். எனக்குக் கப்பல் கிடைத்தது, அவருக்குத் தோணி கிடைத்தது. உன் கட்சிக்கு என்னைச் சாட்சி கூப்பிடாதே" என்றார்.

யாம் பரிசு பெற்ற வாதம் எம் வீட்டுத் தகரப்பெட்டியின் முன்னே தோற்றொழிந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில், பவுல் தாம் ரோமர் என்று உரைத்தபோது, அவ்வுரிமையைத் தாம் மிகுந்த பொருள் கொடுத்துப் பெற்றதாகச் சேனாபதி கூறுகின்றான். பவுலோ தாம் பிறப்பிலேயே பெற்றதாக விடையிறுக்கின்றார். ஒருவன் விலை கொடுத்தான், மற்றவர் பிறந்தார். இருவருள் யார் தகுதியால் ஈட்டினார்? எமக்கும் குடியுரிமை ஈட்டமன்று, கொடையே. கொடை பெற்றவன் வாயிலில் நிற்பவனைத் தகுதி கேட்டல் முறையன்று என்பதை யாம் காலந்தாழ்த்தே கற்றோம். எல்லையும் சட்டமும் நாட்டிற்கு வேண்டா என்பதன்று எம் கருத்து. முப்பத்தைந்து ஆண்டு தன் மண்ணில் வாழவிட்ட குடும்பத்திற்கு, ஒரு வழியையேனும் திறந்துவைத்தல் அச்சட்டத்திற்கு அழகு என்பதே.

விண்ணப்பத்தை யாம் எழுதினோம். அதிலிருந்த இரண்டு சந்திப்பிழைகளைத் தோழரே திருத்தினார். இருவரும் சென்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்திற் சேர்ப்பித்தோம். விடையை எதிர்நோக்கியிருக்கின்றோம். அதற்கிடையே தமிழ்மன்றத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்று: அதே பொருள்பற்றி மீண்டும் ஒரு சொற்போர் அமைத்து, எதிர்க்கட்சியிற் பேச எமக்கு இடமளித்தல் வேண்டும். இம்முறையும் தோழர் முன்வரிசையில் இருப்பார்.