அக்கா வீட்டு பிளேயரில் ஓட வேண்டும்

பால்மரம் போய் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபோனார்கள். பழைய தோட்டத்தைத் திரும்பப் பார்க்க வீட்டுக்கு வீடு மிஞ்சியது வீடியோ கேசட்தான். தீமிதி, கல்யாணம், தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அதற்குள் இருந்தன. பூஞ்சை பிடிப்பதற்குள் டிவிடிக்கு மாற்றிவிடுங்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாற்றினார்கள். கணினியில் ஓடிய தட்டு வீட்டு பிளேயரில் ஓடவில்லை.

காலமெல்லாம் பால் வெட்டிய அக்கா ஒருவர், தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பார்க்க ஆசையாகக் காத்திருந்தார். “பிளேயர் பழசு பாட்டி, வேற வாங்கணும்” என்றான் பேரன். பிள்ளை கெட்டிக்காரன்தான். ஆனால் வயதானவர் கைபழகிய பொருளைக் குறை சொல்வதற்கு முன் நம் வேலையைப் பார்க்க வேண்டும். “வாய்யா, சேர்ந்து பார்ப்போம்” என்று உட்கார்ந்தேன்.

படக் கோப்பை அப்படியே தட்டில் போட்டிருந்தான். கணினி பல வகைக் கோப்புகளையும் திறந்து பார்த்துக்கொள்ளும். பழைய டிவிடி பிளேயருக்கோ ஒரே வழிதான் தெரியும். தட்டில் ‘வீடியோ டிஎஸ்’ (VIDEO_TS) என்ற அடைவு இருக்க வேண்டும், படம் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும். நம் மலேசியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் (PAL) முறைக்கு 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படங்கள். பதிவு மென்பொருளில் ‘டேட்டா’வை விட்டுவிட்டு ‘டிவிடி வீடியோ’வைத் தேர்ந்தால் இதெல்லாம் அமையும். முடிவில் ‘ஃபைனலைஸ்’ செய்து தட்டை மூடவும் வேண்டும். மூடாத தட்டை மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

வெற்றுத் தட்டிலும் சாதி உண்டு. 1997-இல் வந்த டிவிடி-ஆர் பழைய பிளேயர்களில் பெரும்பாலும் ஓடும். 2002-இல் வந்த டிவிடி+ஆர் சில பிளேயர்களில் அடம்பிடிக்கும். எந்த நாட்டு பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டல எண் மலேசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5. அதைப் பற்றிப் பலரும் பயந்தார்கள். வீட்டில் பதிவு செய்யும் தட்டுக்கு அந்தக் கட்டுப்பாடே தேவையில்லை.

அவசரம்தான் பெரிய எதிரி. 16 மடங்கு வேகம் தாங்கும் என்று உறையில் போட்டிருந்தாலும் 4 அல்லது 8-இல் பதிவு செய்யச் சொன்னேன். சாயப் பூச்சில் பதிவாகும் இந்தத் தட்டு, ஆலையில் அச்சடித்த தட்டைப் போல ஒளியைத் திருப்பித் தராது. தேய்ந்த லென்சு அதைப் படிக்கத் திணறும், பதிவும் கலங்கலாக இருந்தால் நின்றே போகும். 4.7 ஜிபி தட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். நான்கு மணி நேரத் திருவிழாவை அதில் திணித்தால், தீமிதிப் புகையிலும் கூட்டத்திலும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அக்கா பார்க்க விரும்பியதே அந்த முகங்களைத்தான். இரண்டு தட்டாகப் பிரித்தோம். அழகுக்காகக் காகித லேபிள் ஒட்ட வந்தவனைத் தடுத்தேன். ஒட்டிய தட்டு சுழலும்போது ஆடும், சூட்டில் வளையவும் கூடும். மென்முனைப் பேனாவால் பெயர் எழுதினால் போதும்.

பிறகு அக்கா வீட்டுக்கே போய் அவருடைய பிளேயரில் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தோம். பேரன் இப்போது யாருக்குத் தட்டு கொடுத்தாலும், “உங்க வீட்ல என்ன பிளேயர்?” என்று முதலில் கேட்டுக்கொள்கிறான். பதிவுத் தட்டின் சாயமும் வெயிலில் வெளுக்கும். ஆகவே ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் வையுங்கள், பழைய கேசட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.