உயிருள்ள சட்டமும் உயிரற்ற சட்டமும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எனக்குச் சட்ட நூல்களோடு நேரான தொடர்பில்லை. ஆயினும் என் தமையனார் சட்டக் கல்லூரி மாணாக்கராதலின், சட்டத்தைத் தேடிக் கண்டறியும் முறையை அவர்தம் ஆசிரியர் கற்பிக்கும் வகையை அவர் வாயிலாக அறிந்தேன். நம் கல்லூரி அன்பர் யாவர்க்கும் அது பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதற்பாடம் குறியீட்டைப் படித்தல். "(2015) 5 எஸ்.சி.சி. 1" என்பது காண்போர்க்குப் புதிர்போலத் தோன்றும். உச்சநீதிமன்றத் தீர்ப்புக்களை வெளியிடும் ஒரு வரிசையில், 2015-ஆம் ஆண்டின் ஐந்தாம் தொகுதி, முதற்பக்கம் என்பதே அதன் பொருள். அங்கே காண்பது சிரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பாகும். இரண்டாம் பாடம், தீர்ப்பின் முடிவுக்கு ஆதாரமான காரணத்தை, நீதிபதி இடையிடையே கூறிச்செல்லும் பிற கருத்துக்களினின்றும் பிரித்தறிதல். மூன்றாவதே தலையாயது: கண்டெடுத்த சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றதா என வினவுதல்.

இவ்வினாவை விடுத்தால் நேரும் தீங்குக்கு அவ்வழக்கே சான்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, கணினி முதலியவற்றின் வழியே பிறர் மனத்தைப் புண்படுத்தும் செய்தி அனுப்பினோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடந்தந்தது. அது பேச்சுரிமைக்கு முரணானதென்று 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்சநீதிமன்றம் முற்றும் நீக்கியது. எனினும் போலீஸார் பின்னரும் அப்பிரிவின்கீழ் வழக்குகள் பதிந்து வந்தனர். 2021-இல் இதனைக் கேட்ட அந்நீதிமன்றமே திகைத்தது. அச்சிட்ட சட்டநூலில் அப்பிரிவின் வாசகம் அவ்வாறே நிற்கின்றது. அது நீக்கப்பட்ட செய்தியோ அடிக்குறிப்பில் உள்ளது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் எடுத்துரைத்தார். 2022 அக்டோபரில், எவர்மீதும் அப்பிரிவின்கீழ் வழக்கு நடத்தலாகாதென நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

உயிரற்றதை உயிருள்ளதெனக் கொள்வது ஒரு பிழை. பிறவாததையே உளதெனக் கொள்வது மற்றொன்று. 2023-இல் நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர், சாட் ஜி.பி.டி. என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி புனைந்து தந்த தீர்ப்புக்களை மேற்கோளாகக் காட்டினர். அவருள் ஒருவர், 'இவை மெய்யோ?' என்று அக்கருவியையே வினவி, அதன் விடையை நம்பினார். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஒருவன் கூற்று மெய்யோவென அவனையே கேட்டுத் தெளிதல் கூடுமோ?

ஆதலின், தமையனாரின் ஆசிரியர் விடையைத் தாமே கூறுவதில்லையாம். பழைய தீர்ப்பொன்றைக் கொடுத்து, 'இதன் பிற்கால வரலாற்றை எழுதி வருக' என்பார். எவ்வழியில் தேடினர், எங்கு நிறுத்தினர், ஏன் நிறுத்தினர் என்பனவும் எழுதப்பட வேண்டும். நூலகத்திலோ கணினியிலோ தேடலாம். மூலத்தைத் தம் கண்ணாற் படித்தல் மட்டும் தவறலாகாது. சிலபோது ஒரு குற்றத்தைக் கூறி, 'அது நிகழ்ந்த நாள் யாது?' என்று மாணாக்கர் வினவுகின்றனரா என நோக்குவார். 2024 ஜூலை முதல் நாள் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே இன்றும் பொருந்தும். இறந்ததாகத் தோன்றுவது உயிரோடிருத்தலும் உண்டன்றோ!

உரையாசிரியர் காட்டும் மேற்கோளை மூலநூலிற் கண்டே ஏற்கவேண்டுமென எம் தமிழாசிரியரும் பணிப்பர். எனினும் வேற்றுமையொன்று உண்டு. வழக்கொழிந்த சொல் எமக்குச் செல்வம். வழக்கொழிந்த சட்டமோ அறியார் கையிற் படைக்கலம். எம் சோர்வினால் ஒரு செய்யுளின் பொருள் கெடும். அவர் சோர்வினால் குற்றமற்ற ஒருவன் சிறை புகுதலும் கூடும். சட்டம் பயிலும் நண்பர்கள் விதிகளை மனனம் செய்வதோடு அமையாது, அடிக்குறிப்பு வரையிற் சென்று சோதிக்கும் பழக்கத்தையும் கைக்கொள்வார்களாக.