அலகை வளர்த்த குருவி எதுவும் இல்லை

இயற்கைத் தேர்வு பற்றிக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "உணவு கடினமானதால் குருவி தன் அலகைப் பெரிதாக்கிக்கொண்டது." வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் புள்ளி போட முடியாது. தேவை வந்துவிட்டது என்பதற்காக எந்தக் குருவியும் தன் அலகைப் பெரிதாக்கிக்கொள்வதில்லை.

அப்படியானால் மாறியது எது? இதைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் எடுக்கும் உதாரணம் டப்னி மேஜர். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் அரைச் சதுர கிலோமீற்றர்கூட இல்லாத ஒரு குட்டித் தீவு. பீற்றர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே பின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள்.

1977இல் மழை பொய்த்தது. குருவிகள் சின்ன, மெல்லிய விதைகளை முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். முக்கியமாக நெருஞ்சி இனத்துச் செடியொன்றின் முள்ளுக்காய். வெறுங்காலால் நெருஞ்சியை மிதித்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. தடித்த அலகுள்ள குருவிகளால் அதை உடைக்க முடிந்தது. மற்றவை பட்டினி கிடந்தன. நடுத்தரத் தரைப் பின்ச்களில் ஏறத்தாழ 85 சதவீதம் அழிந்தன.

தப்பியவற்றின் சராசரி அலகுத் தடிப்பு, வறட்சிக்கு முன்பிருந்ததைவிட அரை மில்லிமீற்றர் அளவு கூட. அவ்வளவுதான் வித்தியாசம். உம்மாவின் மூக்கு பிள்ளைக்கு வருகிற மாதிரி அலகின் தடிப்பும் பரம்பரையாக வருவதால், அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கும் பெரிய அலகு வாய்த்தது. எந்தக் குருவியும் மாறவில்லை. குடித்தொகைதான் மாறியது.

பல வகுப்புகளில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். "பெரியது வெல்லும், சிறியது அழியும்" என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு போவார்கள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் மிச்சக் கதை இருக்கிறது. 1983இல் எல் நினோ பெருமழையைக் கொட்டியது. கொடிகளும் புல்லும் தீவை மூடின. பெரிய விதைச் செடிகள் அமுங்கிப்போக, சின்ன விதைகள் நிறைந்தன. பிறகு தீவு மீண்டும் காய்ந்தபோது, சின்ன விதைகளை லேசாகப் பொறுக்கித் தின்ற சிறிய அலகுக் குருவிகளே கூடுதலாகத் தப்பின. 1977இல் உயிரைக் காத்த அலகு இப்போது உதவவில்லை.

"தக்கன பிழைத்தல்" என்பதில் "தக்கது" என்பது பலமானது அல்ல. அந்த நேரத்தில், அந்த இடத்தில், கிடைக்கிற உணவுக்குப் பொருந்துவது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்களே, இந்தப் பாடத்துக்குப் போகும்போது 1977, 1983 இரண்டையும் பலகையில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பிள்ளைகள் பாதிப் பாடத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.