சவர்க்காரம் பூசிய பெல்ற்

எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் மணிக்கூடு தேவையில்லை. ஆறு மணிக்கு அப்பா வானை ஸ்ராட் பண்ணினால் 'கீஈஈச்' என்று ஒரு கத்தல் கத்தும். நாய்கள் எழும்பும். பக்கத்து வீட்டு மாமி அந்தச் சத்தம் கேட்டுத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பா. அரை நிமிடத்தில் கத்தல் அடங்கிவிடும். அடங்கியதும் எல்லாருக்கும் அது மறந்துவிடும். எங்களுக்கும்தான்.

வான் ரொயோட்டா ஹயஸ். எல்.எச். 113. இலங்கையில் அதை 'டொல்பின்' என்று சொன்னால்தான் ஆட்களுக்கு விளங்கும். உள்ளே 2779 சீசீ 3எல் டீசல் எஞ்சின். வான் என்னை விட வயது கூடினது. குடத்தனை, அம்பன் பக்கம் இருந்து பருத்தித்துறைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அப்பாவின் தொழில். நான் கம்பஸ் படித்ததும் தங்கச்சி ஏ.எல். எடுத்ததும் அந்த வானில்தான்.

கத்தல் வருவது பெல்ற்றில் இருந்து என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை அடக்குகிற வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. முன் சீற்றைத் தூக்கினால் எஞ்சின். நான் ரோச் லைற் பிடிப்பேன். அப்பா உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை எடுத்து, பெல்ற்றின் பக்கவாட்டில் தேய்ப்பார். பிறகு ஒரு கிழமைக்குச் சத்தம் இருக்காது. எனக்கு அது ஒரு பெரிய வித்தை போலத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியாத வேலை இல்லை என்று வகுப்பில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

உண்மையில் பெல்ற்றை மாற்றுவதாகத்தான் இருந்தது. முதலில் 'அடுத்த மாதம்' என்றார். பிறகு 2022 வந்தது. டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய்க்கு ஏறியதும் சாமான் கடையில் எல்லா விலையும் ஏறிவிட்டது. டீசலுக்கு வரிசை, பள்ளிக்கூடம் பூட்டு, பிறகு கிழமைக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம், கியூ.ஆர். காட்டினால் வாரத்துக்கு 20 லீற்றர். வான் ஓடாத மாதத்தில் பெல்ற் எதற்கு? ஓடத் தொடங்கிய மாதத்தில் கடன்தான் முதலில் நின்றது. 2020 பங்குனியில் இருந்து வாகன இறக்குமதிக்கும் தடை இருந்தது. புது வானை யோசிக்கவே ஏலாது. பழையதை எப்படியாவது ஓட்டவேண்டும். அந்த 'எப்படியாவது' என்ற சொல்லுக்குள் சவர்க்காரமும் வந்துவிட்டது.

2023 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல்நாள் இரவு நல்ல மழை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு வந்துகொண்டிருந்தோம். அப்பாவுக்கு முழங்கால் நோ. அதனால் திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். மணற்காட்டுப் பக்கம் வரும்போது சீற்றுக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். கல் அடித்தது என்று நினைத்தேன். டாஷ்போட்டில் பற்றரி படம் போட்ட சிவப்பு லைற் பத்தியது. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டை போய்ப் பாப்பம்" என்று நான்தான் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சத் தூரத்தில் இரண்டு மாடு றோட்டுக்குக் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். வேகம் குறைந்தது. ஒரு மாடு நடுவில் நின்றுவிட்டது. திரும்ப மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி இருந்தது. மிதிக்கிறேன், கால் கீழே போகுதில்லை. இரண்டு காலையும் வைத்து, சீற்றில் இருந்து எழும்பி மிதித்தேன். அப்பா ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். மாட்டுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு முழம்கூட இருந்திருக்காது. அப்போதுதான் வெப்பம் காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். அது மேலே போய் ஒட்டி நின்றது.

எஞ்சினை நிப்பாட்டி, கொஞ்சம் ஆறவிட்டுச் சீற்றைத் தூக்கினோம். அல்ரனேற்றரைச் சுழற்றுகிற சோடிப் பெல்ற்றில் ஒன்று அறுந்து, மற்றதையும் சுற்றி இழுத்துக்கொண்டு கழன்று போயிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு அன்றுவரை தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். பழைய டீசல் வான் ஓட்டுகிறவர்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

பெல்ற் போனால் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அதே சோடிதான் தண்ணிப் பம்பையும் ஃபானையும் சுழற்றுகிறது. அதனால்தான் எஞ்சின் கொதித்தது. பிரேக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடம் பிரேக்கை இலகுவாக்க உதவும். டீசல் எஞ்சினில் அப்படி வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பம்ப் வேண்டும். எங்கள் வானில் அந்தப் பம்ப் அல்ரனேற்றரின் முதுகில் பூட்டியிருக்கிறது. பெல்ற் அறுந்தால் அல்ரனேற்றர் நிற்கும், பம்பும் நிற்கும். மிச்சமிருக்கிற வெற்றிடத்தில் பிரேக் ஒருதரம், இரண்டுதரம் வேலை செய்யும். அதற்குப் பிறகு உங்கள் காலின் பலம் மட்டும்தான்.

இன்னொன்று. டீசல் எஞ்சின் எரிவதற்குப் பொறி தேவையில்லை. டீசல் பம்பை ஓட்டுவது உள்ளே இருக்கிற ரைமிங் பெல்ற். அது வேறு. ஆகவே வெளிப் பெல்ற் எல்லாம் போனாலும் எஞ்சின் தன்பாட்டில் ஓடும். ஓடுகிறதுதானே என்று நாங்களும் ஓட்டுவோம். நின்றுபோகிற வாகனம் பரவாயில்லை. இது நிற்காது. அதுதான் ஆபத்து.

ஓர் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஸ்ரேறிங்கை அப்பா பிடித்தார். வழி முழுக்க எனக்கு ஒரு கணக்குத்தான் ஓடியது. காலையில் அந்த வானுக்குள் 14 பிள்ளைகள் இருந்தார்கள். முக்கால் மணித்தியாலம் முந்தி.

பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிவர வேறு ஒழுங்கு பார்க்கவேண்டும். எல்லா வீட்டுக்கும் கோல் எடுக்கவேண்டும். "வானிலை சின்ன வேலை எண்டு சொல்லுங்கோ அப்பா, காணும்" என்றேன். அப்பா போனைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"சின்ன வேலையோ தம்பி?"

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே வசனம்தான் சொன்னார். "பெல்ற் அறுந்து பிரேக் பிழைச்சுப் போச்சு. பிள்ளையள் உள்ளுக்கு இல்லை. பழுதான பெல்ற் எண்டு எனக்கு முந்தியே தெரியும், மாத்தாமல் விட்டிட்டன். மாத்திப்போட்டுத்தான் இனி வருவன்." சிலர் "பரவாயில்லை அண்ணை" என்றார்கள். ஒரு அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தா. அவவின் இரண்டு பிள்ளைகளும் அதற்குப் பிறகு எங்கள் வானில் வரவில்லை. நான் அவவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. அப்பாவின் கைக்குள் அடங்காத இடம் என்பதால் வேலையை நான் செய்தேன். அவர் வேப்ப மரத்துக்குக் கீழே கதிரை போட்டிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பதினேழு வயதில் இதைப் பழகினவர். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடின யாழ்ப்பாணம். 'இல்லாததை வைத்துச் செய்' என்பதுதான் அவர் படித்த பாடம். அந்தப் பாடத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சாமான் இருக்கிற காலத்திலும் அது அவரை விட்டுப் போகவில்லை.

சில்லுக்குக் கல் வைத்து, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழட்டினேன். வெளியில் இருக்கிற பெல்ற்றுகளைக் கழட்டினால்தான் உள்ளே இருக்கிற சோடிக்கு இடம் வரும். ஏசி பெல்ற்றும் பவர் ஸ்ரேறிங் பெல்ற்றும் வெடித்துத்தான் கிடந்தன. எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவெடுத்தோம். அல்ரனேற்றருக்கு அது திரும்புகிற போல்ற் ஒன்று, இழுவையைக் கூட்டிக் குறைக்கிற போல்ற் ஒன்று. இரண்டையும் இளக்கி, அல்ரனேற்றரை எஞ்சின் பக்கம் தள்ளினேன். புதுப் பெல்ற்றை ஃபானின் ஒவ்வொரு இலையாகத் தாண்டி உள்ளே எடுக்கவேண்டும். மேலிருந்து பாதி வேலை, கீழே படுத்துப் பாதி வேலை. முழங்கை தோல் கழன்றது.

கடையில் "ஒண்டு வாங்கினால் காணும், மற்றது நல்லாத்தானே கிடக்கு" என்றார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. பழையது இழுபட்டு நீண்டிருக்கும். புதிதோடு சேர்த்துப் பூட்டினால் பாரம் முழுக்கப் புதிதின் தலையில்தான் விழும். சோடி என்றால் சோடியாகத்தான் மாற்றவேண்டும்.

பழைய பெல்ற்றை என் கையில் தந்து, "பக்கத்தைத் தடவிப் பார்" என்றார். கண்ணாடி மாதிரி வழுவழு என்றிருந்தது. 'வி' வடிவப் பெல்ற் புலியைப் பிடிப்பது அடியால் இல்லை, இரண்டு பக்கத்தாலும்தான். பக்கம் தேய்ந்தால் பெல்ற் பள்ளத்துக்குள் இறங்கி அடியில் முட்டும். பிறகு வழுக்கும். வழுக்கும்போதுதான் கத்துகிறது. காலையில் மட்டும் ஏன் கத்தும்? ஸ்ராட் பண்ணப் பற்றரி இழந்ததை அல்ரனேற்றர் திருப்பிக் கொடுக்கிற நேரம் அது. அப்போதுதான் பாரம் கூட. ஆக இத்தனை வருடமும் அந்தப் பெல்ற் சொன்னது ஒன்றுதான்: 'என்னால் ஏலாது.' நாங்கள் அதன் வாயில் சவர்க்காரம் பூசினோம்.

இறுக்குவதிலும் அளவு இருக்கிறது. நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் நல்லாய் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உள்ளே போகவேண்டும். நான் பயத்தில் கம்பி மாதிரி இறுக்கிவிட்டேன். "உப்பிடி இறுக்கினால் அல்ரனேற்றர் பெயாரிங்கும் தண்ணிப் பம்பும் போயிடும். கொஞ்சம் விடு" என்றார் அப்பா. மூன்றுதரம் இளக்கி இறுக்கினேன். நாலாம் முறை அவரே எழும்பி வந்து பெருவிரலை வைத்துப் பார்த்தார். "சரி."

திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் எடுத்தது. கத்தல் இல்லை. பிரேக் பெடல் பழையபடி மெதுவாக இறங்கியது. குசினிக்குள் இருந்து அம்மா வந்து எட்டிப் பார்த்தா. "என்ன, இன்னும் ஸ்ராட் வரேல்லையோ?"

அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் கிடக்கிறது. கத்தலைத்தான் வான் ஓடுகிற சத்தம் என்று எங்கள் வீடு பழகியிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் திரும்பவும் மெல்லிசாக ஒரு 'கீச்'. புதுப் பெல்ற் கொஞ்சம் இழுபடும், ஓடினபிறகு திரும்ப இறுக்கவேண்டும் என்று அப்பாதான் சொல்லியிருந்தார். ஆனாலும் சத்தம் கேட்டதும் அவர் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஸ்பானரோடு நின்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"பழக்கதோஷம்" என்றார். சவர்க்காரத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, ரோச் லைற்றைப் பிடித்தார்.