புரியிடைப் புகுந்த காற்று

மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலையிலிருந்து சோளகக் காலத்து இரவொன்றிற் புறப்பட்ட மூன்றரைத் தொன் படகொன்று, வலை போடுமுன்னரே இயக்கமற்று நின்றது. தாங்கியில் டீசல் இருந்தது. குழாய்களைத் தடவிய கைகளிலும் ஈரமில்லை. ஒழுக்கே இல்லாதபோது இயந்திரம் ஏன் நின்றதென்பது படகோட்டியின் மருமகனுக்கு விளங்கவில்லை. அன்று மாலை அக்குழாயைக் கழற்றிப் பூட்டியவன் அவனே. ‘திரெட் சீல்’ எனப்படும் வெள்ளை நாடாவைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருந்தான்.

“எண்ணெய் வெளியால வரேல்ல, மருமோன், காத்து உள்ளால போகுது” என்றார் மாமனார்.

இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிய பௌதிகத்தை விரித்துரைக்கப் பாடநூலுக்கு ஒரு பக்கமேனும் வேண்டும். தாங்கி தாழ்வாக இருக்கும் படகில், அதற்கும் ஊட்டற் பம்பிக்கும் இடைப்பட்ட குழாய் உறிஞ்சலுக்கு உட்படுவது. அங்கு அமுக்கம் வெளியிலும் குறைவாதலின், இணைப்புத் தளர்ந்தால் டீசல் சிந்துவதில்லை, காற்றே புகுகின்றது. டீசலைப் போலன்றிக் காற்று அமுங்கிக் கொடுக்கும். எனவே உட்செலுத்தும் பம்பி வீணே உழைக்க, இயந்திரம் ஓய்ந்துவிடும். பம்பிக்கு அப்பாலுள்ள ஒழுக்கோ கண்ணுக்கும் மூக்குக்கும் உடனே புலப்படும். அவ்வகையில் அது நேர்மையானது எனலாம்.

இளைஞன் நாடாவின்மீது வைத்த நம்பிக்கையும் பிழையானதே. சரிவுப் புரி முறுக்க முறுக்க இறுகும். எஞ்சும் நுண்ணிடைவெளியை நாடாவோ பசையோ நிரப்பும். அங்குங்கூட முனையிலுள்ள முதற்புரியை வெறுமையாக விடுதல் வேண்டும். நேர்ப் புரி அத்தகையதன்று. அதனை அடைப்பது புரியன்று, தலைப்பின் கீழுள்ள செப்பு வளையம். அதற்கு நாடா சுற்றுவது, வாசலைத் திறந்து வைத்துவிட்டு யன்னலுக்குத் தாழ்ப்பாள் இடுவதை ஒக்கும். (வெளியிணைப்பு இயந்திரக்காரர் சிலர் பெற்றோல் ஒழுக்குக்குச் சவர்க்காரம் பூசுவர். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காதென்பது மெய்; கடல்நீர் அத்தயவைக் காட்டுவதில்லை.)

மாமனார் புரியைத் துடைத்தார். நாடாவின் நார்த்துண்டொன்று வடியின் வாயில் ஒட்டிக்கிடந்தது. பலமுறை இறுக்கப்பட்ட செப்பு கடினமாகிவிடும். சிவக்கச் சுட்டு ஆற்றினால் மீண்டும் மெதுமை பெறும். அவ்வாறு கரையிலேயே பதப்படுத்திய வளையமொன்று அவரது தகரப்பெட்டியில் இருந்தது. அதனை இட்டுப் பூட்டி, அளவோடு இறுக்கினார். பின்னர் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பியை அடிக்குமாறு பணித்தார். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழிகள், நெடுநேரத்தின் பின்னரே தெளிந்த டீசல்.

2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவுக்கு விற்ற டீசல், அவ்வாண்டு யூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அக்காலத்தைக் கண்டவர்க்கு நுரையோடு வழிந்த அச்சிறிதளவும் பெரிதே. சோளகம் படகை வடக்கே தள்ளியிருந்தது. கொண்டல் வீசியிருப்பின் மேற்கே, 1974இல் வரையப்பட்ட கடலெல்லையை நோக்கியன்றோ ஒதுங்கியிருக்கும்!

இயந்திரம் இரண்டாம் முயற்சியில் இயங்கிற்று. பேசாலையின் விளக்குகள் அதற்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தன. அன்று வலை போடப்படவில்லை.