நாவுக்கு ஒரு யாத்திரை

ஊர் காணச் செல்வோர் பலவகையினர். கோயில் காணச் செல்வோர் உளர். கோட்டை காணச் செல்வோர் உளர். கடல் காணச் செல்வோரும் உளர். ஆனால், ஓர் ஆடி மாதத்திலே நாம் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் சென்றது உண்பதற்காகவே என்பதை ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். நேயர்கள் நகைத்தல் வேண்டா. அதற்குத் தக்க காரணம் ஒன்று இருந்தது.

எம்முடைய பெரியம்மாவுக்கு அப்பொழுது எண்பது வயது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவொன்றிலே, குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தபொழுது, அவரும் ஒரு பையோடு புறப்பட்டவர். பின்னர் எம்முடன் வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டார். அந்த ஆண்டின் தொடக்கத்திலே அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போயிற்று, போகும்பொழுது நாவின் சுவையையும் உடன்கொண்டு போயிற்று. எதைக் கொடுத்தாலும், "எல்லாம் வைக்கோல் மாதிரிக் கிடக்குது, பிள்ளை" என்று தட்டை ஒதுக்கிவிடுவார். வைத்தியரோ, நோய் இல்லை, பொறுத்திருங்கள் என்றார். நாம் பொறுத்திருந்தோம். பெரியம்மாவின் கைக்காப்பு முழங்கை வரை ஏறி இறங்கத் தொடங்கிற்று.

ஒருநாட் காலை அவர், "ஊரிலை இப்ப ஆடிப்பிறப்பு வருகுதெல்லே?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றே புகையிரதத்துக்கு ஆசனம் பதிவு செய்தோம்.

யாழ்தேவி முதன்முதல் ஓடியது 1956 ஆம் ஆண்டில். போரின் காரணமாக 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை அறுந்து, 2014 ஐப்பசியில் மீண்டும் அங்கே சென்று சேர்ந்தது. வடக்கே செல்லச் செல்லத் தென்னை குறைந்து பனை பெருகுவதைச் சாளரத்தருகே இருந்து பெரியம்மா பார்த்துக்கொண்டே வந்தார். நாம் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தை அவர் தொடவில்லை.

முதலாவதாக நாம் சென்ற இடம், யாழ்ப்பாணப் பெரியகடையிலுள்ள மலாயன் கபே. சைவ உணவுக்குப் பெயர் பெற்ற பழைய கடை. சலவைக்கல் பதித்த மேசைகள்; வாழையிலையிலே சோறு; இலையைச் சுற்றிக் கறிகள். ஆரவாரமான அலங்காரம் எதுவும் இல்லை. சாம்பாரின் மணமே அங்கு அலங்காரம். அங்கு செல்வோர் மாலையில் சுடச்சுடத் தோசையும் உழுந்து வடையும் உண்டு, தேநீரும் அருந்தி வருதல் வேண்டும். நாம் இரண்டு தோசையோடு நிறுத்தினோமில்லை. பெரியம்மா மரியாதைக்காக அரைத்தோசை உண்டார்.

மறுநாள் நல்லூர். கந்தசுவாமி கோயிலிலே வழிபாடு முடித்து வெளிவருவோரை வீதியோரத்து ஐஸ்கிறீம் கடைகள் அழைத்துக்கொண்டேயிருக்கின்றன. அவற்றுள் றியோ என்ற கடையை அறியாதார் இலர். வெயிலிலே வெறுங்காலோடு நடந்து வந்தவருக்கு அங்கே கிடைக்கும் ஒரு கிண்ணம் ஐஸ்கிறீம் எத்துணை இன்பம் என்பதை அனுபவித்தே அறிதல் வேண்டும். இருபத்தைந்து நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலே இக்கடைகளில் இருக்க இடங் கிடைப்பது அரிது. ஆதலின் சிறுவர்களோடு செல்வோர் கொடியேற்றத்துக்கு முன்னரே சென்று வருதல் நன்று. எம் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கிண்ணம் முடித்தார்கள். பெரியம்மா ஒரு கரண்டி வாயிலிட்டு, "குளிருது. வேறொண்டும் தெரியேல்லை" என்றார்.

குடிவகைகளுள் நாம் மனமாரப் பரிந்துரைப்பது நெல்லி ரசம். தோலகட்டியிலே 1928 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற செபமாலைத் துறவியர் ஆச்சிரமத்தின் நெல்லி ரசமும் முந்திரிகைப் பழ ரசமும் நெடுங்காலமாகவே புகழ் பெற்றவை. நெல்லி ரசத்தைக் குளிர்ந்த நீரிலே கலந்து அருந்தினால், முதலில் இனிப்பு, பின்னர் புளிப்பு, விழுங்கியபின் ஒரு துவர்ப்பு என்று மூன்று சுவை ஒன்றன்பின் ஒன்றாய் வரும். பெரியம்மா இதனை ஒரு குவளை முழுவதும் அருந்தினார். "தொண்டைக்கு இதமாக் கிடக்குது" என்றார். சுவை தெரிந்ததா என்று நாம் கேட்கவில்லை, கேட்க அஞ்சினோம்.

திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சி உணவகத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் நடைபெறும் இவ்வுணவகத்திலே சமைப்போரும் விற்போரும் பெண்களே. ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு கைப்பக்குவம். குரக்கன்மாப் பண்டம், இலைக்கஞ்சி, தோசை, வடை, பழரசம் எல்லாம் கண்முன்னேயே ஆகின்றன. விலையும் குறைவு. தாயின் தாயை அம்மாச்சி என்று அழைப்பது எம்மவர் வழக்கம். பெயர் மிகப் பொருத்தம். அடுப்படியில் நின்ற பெண்களோடு பெரியம்மா அரைமணி நேரம் கதைத்தார். உண்டதோ ஒரு வடையிற் பாதி.

மூன்றாம் நாள், வடமராட்சிப் பக்கமாக ஏறத்தாழ இருபது மைல் சென்று பருத்தித்துறையை அடைந்தோம். அங்கே ஓடக்கரையிலே தோசை வாங்கும் முறை விநோதமானது. பெயர்ப்பலகை இல்லை, மேசை இல்லை. மதிலிலே ஒரு சிறு துவாரம். அதன் வழியே காசைக் கொடுத்தால், அதன் வழியே தோசையும் சம்பலும் வெளிவரும். சுடுபவரின் முகத்தை நாம் கண்டோமில்லை. வளையலணிந்த கையை மாத்திரமே கண்டோம். அந்தக் கைக்கு எம் வணக்கம் உரியதாகுக. பருத்தித்துறைத் தட்டை வடையும் வாங்கினோம். உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்து மெல்லியதாகத் தட்டிப் பொரித்த அந்த வடை, பல நாள் இருந்தாலும் மொறுமொறுப்புக் குறையாது. கொழும்புக்குக் கொண்டுவர இதனிலும் ஏற்ற பண்டம் இல்லை. பெரியம்மாவுக்குப் பல் இல்லையாதலின், அதனைக் கையிலே நொறுக்கி ஓசையை மட்டும் கேட்டு மகிழ்ந்தார்.

நான்காம் நாள் நவாலிக்குச் சென்றோம். ஆடிப்பிறப்பைச் சிறுவர்க்குப் பாடி அழியாப் புகழ் தேடித் தந்த சோமசுந்தரப் புலவரின் ஊர் அது. பெரியம்மாவின் தங்கை மகள் அங்கு வாழ்கிறார். ஆடிப்பிறப்பன்று காலையிலே அரிசிமாவும் பயறும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்த ஆடிக்கூழ், கொழுக்கட்டையோடு வந்தது. பெரியம்மா இரண்டு வாய் அருந்தி வைத்துவிட்டார். எமக்கு நம்பிக்கை தளர்ந்தது.

மறுநாள், ஒடியற்கூழ் காய்ச்சுவதென்று முடிவாயிற்று. வீட்டுக்காரி கடையிலே ஒடியல்மா வாங்கி வைத்திருந்தார். பெரியம்மா முற்றத்திலே கதிரை போடச் சொல்லி அமர்ந்தார். மாவை நீரில் ஊறவிட்டு, நீரை வடித்து, மறுபடி ஊறவிடச் செய்தார். அதனாலேயே கைப்பு நீங்கும் என்றார். பெரிய பானையிலே நீர் கொதித்தது. ஒருபிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை என்பன முறையே விழுந்தன. பின்னர் மீன் தலை, நண்டு, சிறு இறால். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் சேர்ந்தன. யாவும் வெந்தபின் புளிக்கரைசலிலே மாவைக் கலந்து ஊற்றித் துழாவினார்கள். "அடிப்பிடிக்க விடாதை மோனை, கையை நிப்பாட்டாதை" என்று கதிரையிலிருந்தபடியே பெரியம்மா அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பனையோலையிலே பிளாக் கோலி, அனைவரும் மாமரத்தின்கீழ் வட்டமாக அமர்ந்தோம். கூழ் வார்க்கப்பட்டது. பெரியம்மா பிளாவை இரு கைகளாலும் ஏந்தி ஒருமுறை உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். மறுமுறை உறிஞ்சினார். நாம் எம் பிளாவை மறந்து அவரையே நோக்கினோம்.

"புளி காணாது" என்றார்.

சற்றுப் பொறுத்து, "உப்பும் காணாது" என்றார்.

வீட்டுக்காரி முகம் வாடி எழுந்தார். எமக்கோ கண்ணீர் வந்துவிட்டது. குறை சொல்வதற்கும் நாவில் சுவை வேண்டுமன்றோ! பல மாதங்களின் பின் அவர் சொன்ன முதற் குறை அது. உப்பும் புளியும் சேர்த்து வந்தபின், இரண்டாவது பிளாவும், மூன்றாவதிற் பாதியும் அருந்தினார். கூழின் காரமோ, பனையின் மணமோ, ஊர்க்காற்றோ, வைத்தியர் சொன்னதுபோல நாள் ஆனதோ, எதனால் விளைந்தது என்று நாம் ஆராயப் புகவில்லை.

இனி, செல்ல விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். நுங்கு வேண்டுவோர் கோடையிலும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுவோர் ஆடி முடியுமுன்னும், பனங்காய்ப் பணியாரம் வேண்டுவோர் ஆவணியிலும், புழுக்கொடியல் வேண்டுவோர் தை மாசி மாதங்களிலும் செல்க. பனங்கட்டியைக் குட்டானோடு வாங்குக. சீனியில்லாத் தேநீருக்கு ஒரு கடி பனங்கட்டி போதும். ஒடியற்கூழை மாத்திரம் கடையிலே தேடி அலைய வேண்டா. அது பத்துப்பேர் கூடிக் காய்ச்சி, பத்துப்பேர் கூடிக் குடிப்பது. யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவரேனும் உள்ளவர் உரிமையோடு கேட்டுப் பெறுக. உறவினர் இல்லாதார் நண்பரைத் தேடிக்கொள்க.

எம் வீட்டிலே இப்பொழுது மாதம் ஒருமுறை கூழ் காய்ச்சுகிறோம். மாவை இருமுறை ஊறவிடுகிறோம். பெரியம்மா ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு குறை சொல்கிறார். அதனைக் கேட்பதற்காகவே நாம் காய்ச்சுகிறோம்.