பதினாலாம் நம்பர் பாரம்

அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவினார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். வெயில் ஏறியதும் காண்டா வாளியைத் தோளில் தூக்கி ஸ்டோருக்கு வருவார். கிராணி பாலை நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். அது என்ன எண் என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்ட ஒருத்திக்கு அடுத்த மாதமே பால் வற்றிய கிழட்டு நிரை கிடைத்ததாம். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. நான் பிறந்தபோது ஊருக்கு வேறு பெயர் சேர்ந்திருந்தது: சாமிவேலுவின் தொகுதி. 1974 முதல் அவர்தான் நாடாளுமன்ற உறுப்பினர். 1979 முதல் மஇகாவின் தலைவர், அமைச்சர். மஇகா இருந்த ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணியின் சின்னம் தராசு. அம்மா ஸ்டோரில் தராசைப் பார்த்து நிற்பார், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாக்குச்சீட்டில் தராசுக்கு நேரே பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவார். இரண்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியங்கள் என்பது அவர் எண்ணம்.

ஒன்றுமே செய்யாத மனிதர் என்று சாமிவேலுவைச் சொல்ல மாட்டேன். கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது அவர் முயற்சியால்தான். சாலைகள் வந்தன, கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் காசோலைகள் வந்தன. ஆனால் எல்லாமே கொடையாக வந்தன. மாலை போட்டு, கைதட்டி வாங்கிக்கொண்டோம். கொடை கொடுப்பவரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் ஈப்போ மருத்துவமனையில் நெஞ்சு நோய் நிபுணராக இருந்தவர். தோட்டத்தை விற்று, லயத்தைக் காலி செய்யச் சொன்ன இடங்களுக்கெல்லாம் அவரும் அவருடைய தோழர்களும் போனார்கள். அவர்களுடைய கட்சியான மலேசிய சோசலிசக் கட்சிக்கு 1998இல் விண்ணப்பம் போட்டும் பதிவு கிடைக்கவில்லை. அதனால் 1999இல் ஜனநாயக செயல் கட்சியின் சின்னத்தில் சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்றார். 2004இல் பி.கே.ஆரின் சின்னத்தில் நின்று அதைவிட மோசமாகத் தோற்றார். ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, டாக்டருக்கு ஊசி போடத்தான் தெரியும், ஓட்டு வாங்கத் தெரியாது என்று சிரித்தவர்களில் என் மாமாவும் ஒருவர்.

2007 நவம்பர் 25 அந்தச் சிரிப்பை நிறுத்தியது. கோலாலம்பூரில் இந்தியர் உரிமை அமைப்பான ஹிண்ட்ராப் அழைத்த பேரணிக்கு ஆயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். எங்கள் தாமானிலிருந்தும் சில பையன்கள் போனார்கள். கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த தண்ணீரும் பட்டுத் திரும்பினார்கள், துவைத்த சட்டையிலும் வாடை போகவில்லை. டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரை விசாரணையே இல்லாமல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். 2008 பிப்ரவரியில் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

நான் அப்போது பாலர் பள்ளி ஆசிரியை. மறுபடி நின்ற டாக்டரின் ஆட்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவை என்று கேட்டார்கள். பயந்துகொண்டேதான் டாக்டர் தரப்பு முகவராகப் பெயர் கொடுத்தேன். இரவில் ஒரு கடைவீட்டு மாடியில் பாடம் நடந்தது. எந்தச் சீட்டுச் செல்லும், எது செல்லாது, எப்போது கை தூக்கலாம், கடைசியில் வாக்கு எண்ணிக்கையை எழுதும் பதினாலாம் நம்பர் பாரத்தில் என்னென்ன எண்கள் வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்க நினைத்தே இராத கேள்விகளுக்கெல்லாம் சட்டத்தில் இடம் இருந்தது!

கள்ள ஓட்டைத் தடுக்க இந்த முறை விரலில் மை வைப்போம் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருந்தது. வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கையில், மார்ச் 4 அன்று, மை கிடையாது என்றது. தாய்லாந்திலிருந்து மை கடத்தி வந்திருக்கிறார்கள் என்ற புகாரையும் காரணமாகக் காட்டியது. வாங்கி வைத்த மைக்கு யார் பதில் சொல்வார்கள் என்று அன்று இரவு செராமாவில் யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது, ஆனால் கலையவில்லை.

மார்ச் 8. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் எனக்கு இடம். எதிர்த் தரப்பு முகவராக வந்து உட்கார்ந்தவர் என் மாமா. அவர் என்னைப் பார்த்தார், நான் பட்டியலைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அம்மா வந்தார். ஐசியைக் கொடுத்தார், சீட்டை வாங்கினார், மறைப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். போகும்போது எங்கள் இருவர் பக்கமும் திரும்பவில்லை.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தி எண்ணத் தொடங்கினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினார். பாதி எண்ணியிருக்கும்போது ஒரு சீட்டு வந்தது. நடுங்கிய கையால் போட்ட பெருக்கல் குறி, ஒரு கால் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. செல்லாதவற்றோடு வைக்கப் போனார். என் கை தானாக உயர்ந்தது. “குறி கட்டத்துக்குள்ளதான் இருக்கு, பாருங்க,” என்றேன். அவர் திருப்பிப் பார்த்தார். அது தராசுக்குப் போட்ட ஓட்டு. மாமா என்னை முறைத்துப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையாட்டினார். செல்லும் என்று எழுதினார்கள்.

அது அம்மா போட்ட குறியோ என்று அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தால் என்ன? ஸ்டோரில் அவருக்குக் கிடைக்காத சரியான நிறுவை இங்கே கிடைத்துவிட்டது.

எங்கள் அறையில் டாக்டர் கொஞ்சம் முன்னே நின்றார். பாரத்தில் கையெழுத்துப் போட்டு, படி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இரவு முழு முடிவு வந்தது: டாக்டர் 16,458, சாமிவேலு 14,637. வித்தியாசம் 1,821. நாட்டின் 222 இடங்களில் 82 எதிர்க்கட்சிகளுக்குப் போயின. பேராக் ஆட்சியும் மாறியது. அஞ்சடியில் முன்பின் தெரியாதவர்கள் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் அம்மா விழித்திருந்தார். பாரத்தின் படியை விளக்கடியில் பிடித்தார். படிக்கத் தெரியாது, இருந்தாலும் எண்கள் தெரியும். “இனி டாக்டர்கிட்ட யாரு கணக்குக் கேப்பா?” என்றார்.

டாக்டர் தம் சொத்துக்கணக்கை ஆண்டுதோறும் தாமே வெளியிட்டார். அரசாங்கத்தின் கணக்குத்தான் திறக்கவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கைக்கு வரவில்லை. இது என்ன நியாயம் என்று 2010இல் நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. 2011இல் அவரையும் தோழர்கள் ஐவரையும் அவசரகாலச் சட்டத்தில் பிடித்துப் போய், ஜூலை 29 அன்று விட்டார்கள். அவசரகாலம் தொடங்கிய ஊரின் உறுப்பினருக்கு அந்தச் சட்டம்! 2013இல் மறுபடி வென்றார்.

2018இல் எதிர்க்கட்சிக் கூட்டணியோடு உடன்பாடு அமையவில்லை. தம் கட்சியின் கைமுட்டிச் சின்னத்திலேயே நின்றார். அரசாங்கத்தையே மாற்றிவிட வேண்டும் என்ற வெறியில் ஊர் பி.கே.ஆரின் கண் சின்னத்துக்குப் போட்டது. அரசாங்கம் மாறியது. டாக்டருக்கு இரண்டாயிரம் ஓட்டுகூட இல்லை, வைப்புத்தொகை போய்விட்டது.

அன்று நான் முகவராகப் போகவில்லை. இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டாக்டருக்கு எவ்வளவு?” என்றார். சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ எதுக்குப் போட்ட?”

முப்பது வருடம் கிராணியிடம் கேட்காத அம்மா, என்னிடம் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.